கேளுங்கள், சொல்கிறோம்: குரோனோமீட்டரும் நம்ம ஊர்க் கடிகாரங்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பங்கு கடிகாரம் பற்றியவை. கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் ஒருவரும் இயற்பியல் ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: வினாடி வினாவில் ‘குரோனோமீட்டர் என்றால் என்ன?’ என்று கேட்டார்கள். ‘கடிகாரம்’ என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் போட்டார்கள். இரண்டும் ஒன்றில்லையா? இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?
— கல்லூரி மாணவி, திருமங்கலம்

பதில்: பாதி மதிப்பெண் சரிதான். குரோனோமீட்டர் எல்லாம் கடிகாரமே. ஆனால் கடிகாரம் எல்லாம் குரோனோமீட்டர் ஆகிவிடாது. கிரேக்கத்தில் ‘க்ரோனோஸ்’ என்றால் காலம், ‘மெட்ரோன்’ என்றால் அளவு. தெர்மாமீட்டர், பாரோமீட்டர் வரிசையில் அமைந்த சொல்.

இந்தச் சொல் பிறந்த ஆண்டு 1714 என்றுதான் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு ஜெரமி தாக்கர் என்ற பெயரில் வெளிவந்த ஒரு சிறு பிரசுரத்தில் இந்தச் சொல் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சில் அதற்கு முன்பே, 1696-ல், எட்டியென் லூலியே என்ற இசை ஆசிரியர் தன் கருவி ஒன்றுக்கு இதே பெயரை வைத்துவிட்டார். அது மணி காட்டும் கருவி இல்லை. நூலில் தொங்கும் ஒரு குண்டுதான். நூலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துப் பாட்டின் காலப்பிரமாணத்தை நிர்ணயிப்பார்கள். ஆக, இந்தப் பெயர் கப்பல் ஏறுவதற்கு முன் சங்கீதத்தில் இருந்தது.

கப்பலில் அது ஏறிய காரணம் தீர்க்கரேகை. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தை ஒரு கடிகாரம் காட்டிக்கொண்டிருக்க, கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தைச் சூரியனை வைத்துக் கணித்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தீர்க்கரேகை. கணக்கு எளிது, அதற்கு வேண்டிய கடிகாரம்தான் கிடைக்கவில்லை. 4 வினாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் கப்பலின் இடம் ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர் தவறிப்போகும். 1707-ல் இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகளின் பாறைகளில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1714-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம், அரை பாகைக்குள் தீர்க்கரேகை சொல்லும் முறைக்கு 20,000 பவுண்டு பரிசு என்று சட்டமே போட்டது. அரை பாகை என்றால் 2 நிமிடம். நாற்பது நாள் பயணத்தில் ஒரு நாளைக்கு 3 வினாடிக்கு மேல் பிசகக் கூடாது. ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் ஓடாது. அந்தக் காலத்துப் பைக் கடிகாரமோ நாளுக்கு நிமிடக் கணக்கில் தவறும்.

அதைச் சாதித்தவர் ஜான் ஹாரிசன் என்ற தச்சர். அவருடைய நான்காவது கருவி 1759-ல் முடிந்தது. குறுக்களவு சுமார் 13 சென்டிமீட்டர், பார்க்கப் பெரிய பைக் கடிகாரம்தான். 1761 நவம்பரில் ஜமைக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில் அதை ஏற்றினார்கள். 81 நாள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது பிழை 5.1 வினாடி. ‘81 நாளில் வெறும் 5 வினாடிதான் பிந்தியது’ என்று பலர் எழுதுவதற்கு அடிப்படை இது. நடந்தது அது இல்லை. அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டே முக்கால் வினாடிக்குச் சற்றுக் குறைவாகப் பிந்தும் என்று புறப்படும் முன்பே அளந்து வைத்திருந்தார்கள். அந்தக் கழிவைக் கழித்த பிறகு மிஞ்சிய பிழையே 5.1 வினாடி. கழிக்காமல் பார்த்தால் மூன்றரை நிமிடத்துக்கு மேல் பிந்தியிருந்தது.

குரோனோமீட்டர் என்ற சொல்லின் உட்பொருள் இங்கேதான் இருக்கிறது. பிழையே இல்லாத கடிகாரத்தை அது குறிப்பதில்லை. எவ்வளவு பிசகுகிறதோ அதே அளவு தினமும் பிசகும் கடிகாரத்தைக் குறிக்கிறது. இந்தத் தினப் பிசகைத் தொழிலில் ‘ரேட்’ என்பார்கள். ரேட் மாறாவிட்டால், பிழை எவ்வளவு என்பதை எந்த நாளிலும் கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். கப்பலில் குரோனோமீட்டருக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில், வழக்கமாகக் காலை 8 மணிக்கு, சுற்றை எண்ணிச் சாவி கொடுப்பார்கள். முள்ளைத் தொடவே மாட்டார்கள். இன்றைய பிழை இவ்வளவு, ரேட் இவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொண்டே போவார்கள்.

ஹாரிசன் தன் கருவியை இந்தப் பெயரால் அழைக்கவில்லை. ‘டைம்கீப்பர்’ என்றே சொன்னார். 1780 வாக்கில் லண்டன் கடிகாரத் தொழிலாளி ஜான் ஆர்னால்டும், கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல் வரைபட நிபுணர் அலெக்சாண்டர் டால்ரிம்பிளும் எழுதியவற்றின் வழியாகத்தான் இன்றைய பொருளில் சொல் நிலைபெற்றது. டால்ரிம்பிள் கம்பெனி வேலையில் சேர்ந்தது மதராஸில், சாதாரண எழுத்தராக. அடுத்த போட்டியில் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: துபாயில் இருந்து மாமா கொண்டுவந்த வாட்ச்சில் ‘குரோனோகிராஃப்’ என்று போட்டிருக்கிறது. டயலுக்குள் மூன்று சின்ன வட்டம். இதுதான் குரோனோமீட்டரா?
— வாசகர், செல்லூர், மதுரை

பதில்: இல்லை. குரோனோகிராஃப் என்றால் ஸ்டாப்வாட்ச் சேர்ந்த கடிகாரம். ‘கிராஃப்’ என்பது எழுதுவது. 1821-ல் பாரிஸில் நிக்கோலா ரியூசெக் குதிரைப் பந்தயத்துக்குச் செய்த கருவி, குதிரை கோட்டைத் தாண்டும்போது டயலில் நிஜமாகவே மைப்புள்ளி வைத்தது. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. இன்று பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் முள் ஓடும், நிற்கும், பூஜ்யத்துக்குத் திரும்பும்; அவ்வளவுதான். அது துல்லியத்தைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை.

கைக்கடிகாரத்தில் குரோனோமீட்டர் என்று போட வேண்டுமானால் சுவிட்சர்லாந்தில் அதற்குச் சோதனை உண்டு. 1973-ல் தொடங்கிய ‘காஸ்க்’ என்ற அமைப்பு சாவி வாட்ச்சின் இயந்திரத்தை மட்டும் தனியாக வாங்கி, ஐந்து கிடைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பங்களில், 15 நாள் ஓட்டிப் பார்க்கும். சராசரியாக நாளொன்றுக்கு 4 வினாடி பிந்துவதற்கும் 6 வினாடி முந்துவதற்கும் இடையே இருந்தால்தான் தேறும். அது மட்டும் போதாது. ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் உள்ள மாற்றம், படுக்க வைத்தபோதும் நிறுத்தி வைத்தபோதும் உள்ள வித்தியாசம், ஒரு டிகிரி வெப்பத்துக்கு எவ்வளவு மாறுகிறது என்பது எல்லாவற்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு. ‘குரோனோமீட்டர்’ என்று டயலில் அச்சடித்து மலிவாக விற்கும் வாட்ச்சுகளும் கடைவீதியில் உண்டு. சான்றிதழ் இல்லாமல் அந்த எழுத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஐயா, கப்பல்காரர்கள் தீர்க்கரேகை கண்டுபிடித்த முறையைப் பள்ளி மொட்டை மாடியில் மாணவர்களுக்குச் செய்து காட்ட முடியுமா? மதுரையில் சூரியன் சரியாக 12 மணிக்குத்தான் உச்சிக்கு வருகிறதா?
— அறிவியல் ஆசிரியர், மேலூர்

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதலில் இரண்டாவது கேள்வி. இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. மதுரை நகரம் இருப்பது 78 பாகை 7 கலையில் (60 கலை ஒரு பாகை). வித்தியாசம் சுமார் 4.38 பாகை, நான்கால் பெருக்கினால் பதினேழரை நிமிடம். ஆகவே மதுரையின் சராசரி உச்சிப்பொழுது நம் கடிகாரத்தில் 12 மணி 17½ நிமிடம். அதுவும் வருடம் முழுக்க அப்படியே நிற்காது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் சில மாதம் முந்தும், சில மாதம் பிந்தும். பிப்ரவரி நடுவில் உச்சி 12.31-ஐத் தாண்டும், நவம்பர் முதல் வாரத்தில் 12.01-க்கே வந்துவிடும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி இந்த முந்தல் பிந்தலுக்கான திருத்தம் பூஜ்யம். சோதனைக்கு ஏப்ரல் நடுவே உகந்தது. திருத்தம் வேண்டியதில்லை, மழைமேகமும் குறைவு, மதுரையில் சூரியன் தலைக்கு நேர் மேலே வருவதும் அந்த நாட்களில்தான்.

அறுபது சென்டிமீட்டர் இரும்புக் கம்பி ஒன்றைக் கனமான அடித்தட்டில் நிறுத்துங்கள். தூக்குக் குண்டு வைத்து நேராக இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். தரையையும் ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். கம்பியின் நிழல் நுனியை அப்படியே குறித்தால் ஏமாந்துபோவீர்கள். சூரியன் ஒரு புள்ளி இல்லை, அரை பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நுனி அரை சென்டிமீட்டர் அளவுக்கு மங்கிக் கிடக்கும். கம்பியின் உச்சியில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு வாஷரைப் படுக்கையாக ஒட்டிவிடுங்கள். அதன் நிழலுக்கு நடுவே விழும் வெளிச்சப் பொட்டின் மையத்தைக் குறிப்பது எளிது.

வாஷர் துளைக்கு நேர் கீழே தரையில் உள்ள புள்ளியை மையமாக வைத்து, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் நாலைந்து வட்டம் வரைந்துகொள்ளுங்கள். பத்தரை மணி வாக்கில் பொட்டு ஒவ்வொரு வட்டத்தையும் உள்நோக்கித் தொடும் நேரத்தை மணி, நிமிடம், வினாடி என்று எழுதுங்கள். பிற்பகல் இரண்டு மணியை ஒட்டி அதே வட்டங்களை வெளிநோக்கித் தொடும் நேரத்தையும் எழுதுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு நேரத்தின் நடுப்புள்ளிதான் உச்சி. எல்லா வட்டத்துக்கும் சராசரி எடுங்கள். நிழல் மிகக் குறுகும் கணத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். சூரியன் தலைக்கு மேல் வரும் நாளில் நிழல் கம்பியின் அடியிலேயே ஒடுங்கிவிடும், மற்ற நாட்களில் அதன் நீளம் பல நிமிடம் மாறாத மாதிரியே தெரியும்.

கிடைத்த நேரத்தில் 12 மணியைக் கழியுங்கள். மீதியை நிமிடத்தில் எழுதி நான்கால் வகுத்து 82½-இல் கழித்தால் மேலூரின் தீர்க்கரேகை. பத்து வினாடி பிசகினால் ஊர் நாலரைக் கிலோமீட்டர் நகர்ந்துவிடும். மாணவர்கள் இதைக் கையோடு கணக்குப் போட்டுப் பார்த்தால், நூறாண்டுக் கணக்கில் அரசுகள் ஏன் ஒரு கடிகாரத்துக்காக அவ்வளவு செலவழித்தன என்று தனியாக விளக்க வேண்டியிராது. வாட்ச்சை முதல் நாளே செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு, மறுநாள் சோதனைக்கு முன்னும் பின்னும் மறுபடி ஒப்பிடுங்கள். முள்ளைத் திருத்தாதீர்கள், பிசகை எழுதிக் கழியுங்கள்.

கேள்வி: அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா சாவி வாட்ச் என்னிடம் இருக்கிறது. தினமும் சில வினாடி முந்துகிறது. நல்ல நிலையில் இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிப்பது எப்படி?
— வங்கி ஊழியர், திண்டுக்கல்

பதில்: ஜனதாவில் இருப்பது 17 கல், மணிக்கு 18,000 துடிப்பு ஓடும் இயந்திரம், வினாடிக்கு 5 துடிப்பு. பழகிய கைக்குச் சர்வீஸ் செய்ய எளிதான, உறுதியான வாட்ச்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். கடைசியில் தடை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். முதல் நாள் மட்டும் முள்ளைச் சரிசெய்து, பிறகு பத்து நாளைக்கு விட்டுவிடுங்கள். தினமும் சாவி கொடுக்கும் முன் செல்போன் நேரத்தோடு எத்தனை வினாடி வித்தியாசம் என்று எழுதுங்கள். முந்தைய நாள் எண்ணைக் கழித்தால் அந்த நாளின் ரேட். ஒரு வாட்ச் 14, 13, 15, 14 என்று முந்துகிறது. இன்னொன்று 3 முந்தி, 9 பிந்தி, 12 முந்தி, 5 பிந்துகிறது என்று வையுங்கள். நாலு நாள் கழித்து இரண்டாவது வாட்ச்தான் சரியான நேரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். ஆனால் நல்ல வாட்ச் முதலாவதே. அதன் பின்மூடியைத் திறந்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் கம்பியை ஒரு மயிரிழை பிந்தும் பக்கம் தள்ளினால் வேலை முடிந்தது. இரண்டாவதைக் கழற்றிக் கழுவாமல் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்த வாரம் இரவில் வைக்கும் கிடையை மாற்றுங்கள்: டயல் மேலே பார்க்க இரண்டு இரவு, சாவிக் குமிழ் கீழே பார்க்கச் சாய்த்து இரண்டு இரவு, குமிழ் மேலே பார்க்க இரண்டு இரவு. படுக்கைக்கும் நிறுத்துக்கும் இடையே 15, 20 வினாடிவரை மாறினால் இந்த ரக வாட்ச்சுக்கு அது குறையில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் மாறினால், முன்னும் பின்னும் சுழன்று துடிக்கும் பேலன்ஸ் வீல் சமனில் இல்லை, அல்லது அதன் அச்சு முனை தேய்ந்திருக்கிறது.

திடீரென்று ஒரு நாளைக்கு ஐந்து, பத்து நிமிடம் முந்த ஆரம்பித்தால் முதல் சந்தேகம் காந்தம். ஸ்பீக்கர், செல்போன் உறையில் உள்ள காந்தப் பூட்டு, இண்டக்‌ஷன் அடுப்பு இவற்றின் அருகில் வைத்தால் பேலன்ஸ் வீலோடு சேர்ந்த மெல்லிய சுருள் கம்பியான ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் நீளம் குறைந்த மாதிரி ஆகி வாட்ச் பறக்கும். ஒரு சின்ன திசைகாட்டியை வாட்ச் மேல் பிடியுங்கள். வாட்ச் ஓட ஓட முள் துடித்தால் காந்தம் ஏறியிருக்கிறது. கடையில் காந்தம் நீக்கும் கருவியில் வைத்து எடுக்க ஒரு நிமிடம் போதும். இதற்காக யாராவது ‘புது இயந்திரம் மாற்ற வேண்டும்’ என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டில் உள்ள பெண்டுலம் கடிகாரம் கோடையில் ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் பிந்துகிறது. வெயிலில் பெண்டுலம் நீள்வதால்தான் என்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?
— வாசகி, காரைக்குடி

பதில்: வெயில் மேல் பழி போடும் முன் கணக்குப் பார்த்துவிடுவோம். இரும்புக் கம்பியில் தொங்கும் பெண்டுலம் ஒரு டிகிரி சூட்டுக்கு நாளொன்றுக்கு அரை வினாடி பிந்தும். பித்தளைக் கம்பி முக்கால் வினாடிக்குச் சற்று மேல். மரக் கம்பி அதைவிட மிகக் குறைவு. மார்கழிக்கும் அக்னி நட்சத்திரத்துக்கும் வீட்டுக்குள் பத்து டிகிரி வித்தியாசம் என்றே வைத்தாலும், இரும்புக் கம்பிக்கு நாளுக்கு 5 வினாடிதான். உங்களுக்கு ஐந்து நிமிடம். காரணம் வேறு.

பெரும்பாலும் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எது கைக்குக் கிடைத்ததோ அதை விடுவது வழக்கம். தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும், பிறகு தூசியோடு சேர்ந்து பசையாகும். மண்ணெண்ணெய் தெளித்தால் கொஞ்ச நாள் ஓடும், அதற்குப் பிறகு அச்சு முனைகள் வறண்டு தேய ஆரம்பிக்கும். சரியான வழி, இயந்திரத்தைக் கழற்றிப் பல் சக்கரங்களையும் தகடுகளையும் கழுவி, அச்சு முனை உட்காரும் குழிகளில் மட்டும் கடிகார எண்ணெயை ஊசி நுனியால் ஒரு சொட்டு வைப்பது. பல் சக்கரங்களின் பல்லுக்கு எண்ணெய் கூடாது. கடிகாரத்தை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கைக் கழற்றுவது ஆபத்தான வேலை. சாவி கொடுத்த ஸ்பிரிங் வெடித்துப் பிரிந்தால் விரலைக் கிழித்துவிடும். அந்தப் பகுதியைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

கழுவிய பிறகு, அல்லது அதற்கு முன்பேகூட, நீங்களே பார்க்கக்கூடியது சத்தம். கண்ணை மூடிக் கேளுங்கள். டிக், டாக் இரண்டுக்கும் இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் நொண்டினால் கடிகாரம் சாய்ந்து தொங்குகிறது. ரசமட்டத்தை விடக் காதை நம்புங்கள். பெட்டியின் அடிப்பாகத்தை இடமோ வலமோ மெல்லத் தள்ளி, சத்தம் சீரானதும் அந்த இடத்தில் சுவரில் பென்சில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒட்டடை அடித்த பிறகும் அதே இடத்துக்குக் கொண்டுவரலாம். பெண்டுலம் தொங்கும் மெல்லிய எஃகுத் தகட்டையும் பாருங்கள். அது மடங்கியோ முறுக்கியோ இருந்தால் குண்டு நேராக ஆடாமல் வட்டமடிக்கும். எத்தனை எண்ணெய் விட்டாலும் ஓட்டம் சீராகாது. தகட்டை நிமிர்த்த முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகே குண்டுக்குக் கீழே உள்ள நட்டைத் தொட வேண்டும். முன்னால் இருந்து பார்க்க வலப்பக்கம் திருகினால் குண்டு ஏறும், கடிகாரம் முந்தும். இடப்பக்கம் திருகினால் பிந்தும். 25 சென்டிமீட்டர் அளவுள்ள குட்டைப் பெண்டுலத்தில் குண்டு ஒரு மில்லிமீட்டர் ஏறினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் கூடும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஆளுயரக் கடிகாரத்தில் அதே மில்லிமீட்டருக்கு 43, 44 வினாடிதான். ஆகவே அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். திருகிவிட்டு முழுதாக இரண்டு நாள் காத்திருங்கள். சாவியை வாரம் ஒரு முறை ஒரே கிழமையில் கொடுங்கள். ஸ்பிரிங் முறுக்கு நிறைந்திருக்கும்போது பெண்டுலம் அகலமாக ஆடும், தளரும்போது ஆட்டம் சுருங்கும். இரண்டிலும் ரேட் வேறு. நாள் தவறிச் சாவி கொடுப்பவர்களுக்கு எந்தத் திருகும் பிடிபடாது.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கலாம். பெண்டுலத்தின் வேகம் ஈர்ப்பு விசையைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே அது குறைவு. லண்டனில் வினாடி பிசகாமல் சரிசெய்த ஒரு கடிகாரத்தை நம் பக்கம் கொண்டுவந்து மாட்டினால், நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தும். அங்கே வினாடிப் பெண்டுலத்தின் நீளம் 99.4 சென்டிமீட்டர், மதுரைக்கு 99.1. கப்பலில் வந்து இறங்கிய பழைய கடிகாரம் எதுவானாலும், முதல் வேலையாக யாரோ ஒருவர் இங்கே அந்த நட்டை வலப்பக்கம் திருகியிருப்பார்.

கேள்வி: கடையில் வாங்கிய செல் போட்ட சுவர்க் கடிகாரம் கோடையில் மட்டும் அதிகம் பிந்துகிறது. செல் மாற்றியும் பயனில்லை.
— வாசகர், வாடிப்பட்டி

பதில்: இதில் வெயிலுக்குப் பங்கு உண்டு. குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டது. அது 25 டிகிரியை ஒட்டி உச்ச வேகத்தில் இருக்கும். அதற்கு மேல் சூடானாலும் கீழே குளிர்ந்தாலும் வேகம் குறையும். 35 டிகிரியில் மாதத்துக்குச் சுமார் 9 வினாடி, 40 டிகிரியில் சுமார் 20 வினாடி கூடுதலாகப் பிந்தும். மேற்குச் சுவரில், வெயில் ஏறும் இடத்தில் மாட்டியிருந்தால் இடத்தை மாற்றுங்கள். கைக்கடிகாரத்தில் இது அவ்வளவு தெரியாது. உடம்புச் சூட்டில் அது ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. மாதம் நிமிடக் கணக்கில் பிந்தினால் மட்டும் வெயிலை விட்டுவிட்டு முள்கள் உரசுகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: குரோனோமீட்டர் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் நாழிகை வட்டில் இருந்ததே? அது எப்படி வேலை செய்தது? பேரப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட விரும்புகிறேன்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சோழவந்தான்

பதில்: முல்லைப்பாட்டை நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். பாசறையில் அரசனுக்குப் பொழுது சொல்பவர்கள் ‘பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்’. அவர்கள் பார்த்துச் சொல்லும் கருவி ‘குறுநீர்க் கன்னல்’. சிறிதளவு நீரால் பொழுதை அளக்கும் பாத்திரம். சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து மக்களில் ‘நாழிகைக் கணக்கர்’ என்றே ஒரு பிரிவினர் வருகிறார்கள். கடிகை என்பதும் நாழிகைதான். குடத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. இன்று சுவரில் மாட்டும் கடிகாரத்தின் பெயரில் அந்தக் குடம் இன்னும் இருக்கிறது. அறுபது நாழிகை ஒரு நாள், ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாழிகை 24 வினாடி. பஞ்சாங்கம் இன்றும் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

பிற்காலத்தில் பரவலாக இருந்த முறை, அடியில் துளையிட்ட செம்புக் கிண்ணத்தை நீரில் மிதக்க விடுவது. மெல்ல நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை. எடுத்துக் கொட்டி மறுபடி மிதக்க விட வேண்டும்.

வீட்டில் செய்ய, பக்கம் செங்குத்தாக உள்ள மெல்லிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று எடுங்கள்: வாய் 12 சென்டிமீட்டர், உயரம் ஐந்தரை, எடை 100 கிராம் வாக்கில். அடியின் நட்டநடுவில் ஒரு மில்லிமீட்டர் துளை போடுங்கள். முதலில் மூழ்க முக்கால் மணி நேரம்வரை ஆகலாம். துளையை மெல்லப் பெரிதாக்கிக்கொண்டே வாருங்கள். ஒன்றேகால் மில்லிமீட்டரைத் தாண்டி, ஒன்றரைக்குள் எங்கோ 24 நிமிடம் வந்து நிற்கும். துளையைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. அதனால் முடியும் தறுவாயில் துளையை விட்டுவிட்டு எடையால் சரிசெய்யுங்கள். கிண்ணத்தின் அடியில், துளையைச் சுற்றிச் சமமாக, சின்னக் காசோ ஈயத் துண்டோ ஒட்டினால் சீக்கிரம் மூழ்கும்.

நேரம் ஒவ்வொரு தடவையும் மாறினால் மூன்று இடத்தில் பாருங்கள். துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் நீர் சீராக ஏறாது. நைசான உப்புத்தாளால் இருபுறமும் தேயுங்கள். நீரில் தூசி இருந்தால் துளை அடைபடும், துணியில் வடிகட்டுங்கள். கிண்ணம் சாய்ந்து மிதந்தால் ஓரத்தால் நீர் புகுந்து முன்னதாகவே மூழ்கிவிடும். வெதுவெதுப்பான நீரில் சற்று வேகமாக மூழ்கும் என்பதால் காலையும் மதியமும் ஒரே தொட்டி நீரையே, நிழலில் வைத்துப் பயன்படுத்துங்கள். பத்து முறை ஓட்டி நேரங்களை எழுதச் சொல்லுங்கள். எல்லாம் 24 நிமிடமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் கிண்ணம் நன்றாக அமைந்திருக்கிறது.

கேள்வி: ஜி.பி.எஸ். வந்த பிறகும் கப்பலில் குரோனோமீட்டர் வைத்திருக்கிறார்களா? மகன் மெர்ச்சன்ட் நேவி படிக்கிறான்.
— தாய், அண்ணா நகர், மதுரை

பதில்: பழைய சாவிப் பெட்டி இன்று அருங்காட்சியகப் பொருள். ஆனால் சரக்குக் கப்பல்களில் குவார்ட்ஸ் குரோனோமீட்டர் வைத்து, அதன் பிழையைக் குறித்து வரும் வழக்கம் இருக்கிறது. சூரியனையும் விண்மீனையும் பார்த்து இடம் கணிப்பது மாலுமிப் படிப்பில் இன்றும் உண்டு. மகன் அதைப் பயில்வான். ஜி.பி.எஸ்.-உம் அடிப்படையில் கடிகாரம்தான். செயற்கைக்கோளில் உள்ள அணுக் கடிகாரம் ஒரு மைக்ரோ வினாடி பிசகினால் இடம் 300 மீட்டர் தவறும். ஜி.பி.எஸ். போன்ற நம் நாட்டு அமைப்பான நாவிக் வரிசையில் 2023 மே மாதம் ஏவிய என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில் இந்தியாவிலேயே செய்த ரூபிடியம் அணுக் கடிகாரம் முதன்முறையாகச் சென்றது. இவற்றையும் பிசகே இல்லை என்று விட்டுவிடுவதில்லை. தரையில் இருந்து ஒவ்வொன்றின் பிசகையும் அளந்து, திருத்த எண்ணை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

கேள்வி: குரோனோமீட்டரைத் தமிழில் காலமானி என்று எழுதலாமா? காலமாணி என்றும் பார்த்தேன். எது சரி?
— மொழிபெயர்ப்பாளர், மதுரை

பதில்: வெப்பமானி, அழுத்தமானி போலத்தான் இதுவும். றன்னகரமா (ன), டண்ணகரமா (ண) என்று குழம்ப வேண்டாம்: அளவைக் குறிக்கும் ‘மானம்’ என்பதன் வழி வந்ததால் றன்னகரம் போட்டு ‘மானி’ என்பதே சரி. காலமானி என்று மட்டும் எழுதினால் எந்தக் கடிகாரமும் ஆகலாம். கப்பல் வரலாறு எழுதும்போது ‘கப்பல் குரோனோமீட்டர்’ என்று முதல் இடத்தில் போட்டு, தினப் பிசகு மாறாத கடிகாரம் என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு காலமானி என்றே தொடரலாம். சான்றிதழ் பெற்ற கைக்கடிகாரத்துக்குக் குரோனோமீட்டர் என்பதை மாற்றாதீர்கள். அங்கே அது சோதனையில் தேறியதற்கான பெயர். குரோனோகிராஃபுக்குக் காலமானி என்று எழுதினால் பிழை. அதற்கு ‘நிறுத்துமுள் கடிகாரம்’ என்றோ, எல்லோருக்கும் புரியும்படி ஸ்டாப்வாட்ச் உள்ள கடிகாரம் என்றோ எழுதுங்கள்.